குரிஞ்சி நிலமும் குரிஞ்சிப் பேச்சும்

ஆஸ்திரேலியாவின் வடகரையில், டார்வின் நகருக்கு வடகிழக்கே, கோபர்க் தீபகற்பமும் அதை ஒட்டிக் குரோக்கர் தீவும் இருக்கின்றன. அப்பகுதியின் பூர்வகுடி மக்கள் வரமுருங்குஞ்சி என்னும் ஆதித்தாயின் கதையைச் சொல்வார்கள். அவள் அரஃபூரா கடலிலிருந்து கரையேறி உள்நாட்டை நோக்கி நடந்தாள். வழியில் ஓரிடத்தில் தன் மக்களில் சிலரை அமர்த்தி, இது உங்கள் இடம், நீங்கள் பேச வேண்டிய மொழி இது என்றாள். மேலும் நடந்து, அடுத்த இடத்தில் வேறு சிலரை அமர்த்தி வேறொரு மொழியைக் கொடுத்தாள். இப்படியே ஒவ்வோர் இடத்திலும் ஒரு மொழியை வைத்துக்கொண்டே போனாள்.

இந்தக் கதையில் வரும் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் நிலம் இருக்கிறது. அந்த நிலத்தில் ஒரு மொழி வைக்கப்படுகிறது. மனிதர்கள் அந்த நிலத்துக்கு உரியவர்கள் ஆவதால் அந்த மொழிக்கும் உரியவர்கள் ஆகிறார்கள். ஒரு கூட்டத்தார் ஒரு மொழியைப் பேசுகிறார்கள், அவர்கள் குடியிருப்பதால் அந்தப் பகுதிக்கு அம்மொழியின் பெயர் ஒட்டிக்கொள்கிறது என்றுதான் நம்மில் பெரும்பாலோர் எண்ணிப் பழகியிருக்கிறோம். வட ஆஸ்திரேலியாவில் நெடுங்காலம் களப்பணி செய்த மானுடவியலாளர்களான பிரான்செஸ்கா மெர்லனும் ஆலன் ரம்சியும் 1980களிலும் 1990களிலும் எழுதிய கட்டுரைகளில், பூர்வகுடிச் சமூகங்களில் மொழிக்கும் நிலத்துக்கும் உள்ள உறவு நேரடியானது என்றும், மனிதருக்கும் மொழிக்கும் உள்ள உறவு அந்த நிலத்தின் வழியாக வருவது என்றும் எடுத்துக்காட்டினார்கள். இதிலிருந்து பிறக்கும் ஒரு முடிவு மிகவும் கனமானது. ஒரு மொழியைச் சரளமாகப் பேசத் தெரிந்த ஒருவர் அதற்கு உரியவராக இல்லாமல் இருக்கலாம். அதில் ஒரு வாக்கியமும் பேசத் தெரியாத ஒருவர் அதற்கு முழு உரிமை உடையவராக இருக்கலாம். பேசுவது வேறு, உரிமை வேறு என்ற இந்தப் பாகுபாட்டை ஆஸ்திரேலிய அரசும் நீதிமன்றங்களும் புரிந்துகொள்ளாமல் போனதால் விளைந்த தீங்கு கொஞ்சமல்ல. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

1788இல் ஆங்கிலேயர் சிட்னியில் குடியேறியபோது இக்கண்டத்தில் குறைந்தது 250 மொழிகள் பேசப்பட்டன. அவற்றுள் பலவற்றை ஒரு காலத்திலும் சில நூறு பேர் அல்லது சில ஆயிரம் பேருக்கு மேல் பேசியதில்லை. அது நலிவின் அடையாளம் அன்று. அந்தச் சமூகங்களின் இயல்பான அமைப்பே அப்படித்தான் இருந்தது. மண உறவு பெரும்பாலும் வெளிக்குழுக்களோடு வைத்துக்கொள்ளப்பட்டதால் தாய் ஒரு மொழிக்கும் தந்தை இன்னொரு மொழிக்கும் உரியவர்களாக இருப்பது பல பகுதிகளில் வழக்கம். பிள்ளை இரண்டையும் கேட்டு வளரும், பாட்டி தாத்தாவின் மொழிகளையும் அறியும். ஆயினும் வடகிழக்கு ஆர்ன்ஹெம் நிலத்தின் யோல்ங்கு மக்களிடையே தந்தையின் குலத்துக்கு உரிய மொழியே அப்பிள்ளைக்கு உரிய மொழி. தெற்கு கோல்பர்ன் தீவிலுள்ள வருவி என்ற ஊரில் ஏறத்தாழ 500 பேர் வாழ்கிறார்கள். அவர்களிடையே 9 மொழிகள் புழங்குகின்றன. அங்கே கணவன் ஒரு மொழியில் பேச மனைவி வேறொரு மொழியில் பதில் சொல்வது அன்றாடக் காட்சி என்று மொழியியலாளர் ரூத் சிங்கர் பதிவு செய்திருக்கிறார். ஒருவர் மற்றவருடைய மொழியை முற்றாகப் புரிந்துகொள்கிறார், ஆனால் தனக்கு உரிய மொழியிலேயே பேசுகிறார். புரிந்துகொள்வதற்கு எந்தத் தடையும் இல்லை, பேசுவதற்கு உரிமை என்ற ஒன்று இருக்கிறது.

மூதாதை உயிர்கள் நிலத்தின் மேல் நடந்து, மலைகளையும் நீர்நிலைகளையும் உண்டாக்கி, அங்கங்கே நிலத்துக்குள் இறங்கின என்பது கண்டம் முழுவதும் பல வடிவங்களில் சொல்லப்படும் நம்பிக்கை. அவற்றின் பயணப் பாதைகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுடையவை. பாதையைப் பாடும் பாடல் ஒரு மொழியில் தொடங்கி, அடுத்த மக்களின் நிலத்துக்குள் நுழையும்போது அவர்களுடைய மொழிக்கு மாறும். நிலத்தில் தங்கியிருக்கும் முன்னோர்களின் ஆவிகள் அந்த நிலத்தின் மொழியை அறிந்தவை என்பதால், வடமேற்கே விக்டோரியா ஆற்றுப் பகுதியில் புதியவர் ஒருவரை ஒரு நீர்நிலைக்கு அழைத்துச் செல்லும் முதியவர் முதலில் அந்த இடத்தின் மொழியில் உரத்துக் குரல் கொடுப்பார். இவர் இன்னார், நான்தான் அழைத்து வந்தேன் என்று முன்னோர்களிடம் சொல்லி, அந்த நீரை அள்ளிப் புதியவரின் தலையில் விடுவார். அறிமுகமாகாத ஆளின் வியர்வை வாடையை நிலம் ஏற்றுக்கொள்ளாது என்ற எண்ணமும் இதில் கலந்திருக்கிறது.

நான் வசிக்கும் மெல்பர்ன் நகரில் பெரிய பொது நிகழ்ச்சிகளின் தொடக்கத்தில் வுருண்ட்ஜெரி மூத்தோர் ஒருவர் வந்து அவையோரைத் தம் நிலத்துக்கு வரவேற்பார். அவர் வர இயலாத நிகழ்ச்சிகளில் மற்றவர்கள் அந்த நிலத்துக்கு உரியவர்களை நினைவுகூர்ந்து மரியாதை தெரிவிக்கலாம். ஆனால் வரவேற்க முடியாது. வேறு பகுதியிலிருந்து வந்த பூர்வகுடித் தலைவராகவே இருந்தாலும் முடியாது. தமிழர் சங்கக் கூட்டங்களிலும் இந்த நினைவுகூரல் இப்போது வழக்கமாகிவிட்டது. அதைக் கடமைக்கு வாசித்துவிட்டுப் போவதைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் வருந்தும். வரவேற்பதற்கும் மரியாதை தெரிவிப்பதற்கும் இடையே உள்ள அந்த எல்லைக்கோடு, ஆற்றங்கரையில் குரல் கொடுத்து அறிமுகம் செய்யும் முதியவரின் சட்டத்திலிருந்து வந்தது என்பதை அறிந்து வாசித்தால் அந்த நான்கு வரிகளின் எடை வேறாக இருக்கும்.

நான் அதிகம் படித்துவந்தது குரிஞ்சி மக்களைப் பற்றி. (நம் குறிஞ்சித் திணையோடு இந்தப் பெயருக்கு எந்தத் தொடர்பும் இல்லை.) வடக்கு ஆட்புலத்தில், காதரின் நகருக்குத் தென்மேற்கே 400 கி.மீ.க்கும் அப்பால், விக்டோரியா ஆற்றின் மேல்பகுதியில் இவர்களுடைய நிலம் இருக்கிறது. கல்கரிங்கி, தகுரகு என்ற இரண்டு ஊர்களில் இன்று பெரும்பாலோர் வாழ்கிறார்கள். பிலினரா, மல்ஙின், ஙரின்மன், முட்புரா ஆகிய மொழிகளுக்கு உரியவர்கள் இவர்களுடைய அண்டை வீட்டார். இம்மொழிகளின் ஒலிகள் தமிழருக்கு அந்நியமாகத் தோன்றா. ன, ண, ஞ, ங என்று மூக்கொலிகள் தனித்தனியே பொருள் தருகின்றன. லகரமும் ளகரமும் வேறு. நம் ழகரத்தை ஒத்த ஓர் ஒலியும் உண்டு. சொல்லின் முதலிலேயே ங வரும். பெயர்ச்சொல்லின் பின்னால் வேற்றுமை உருபு ஒட்டும். ராபர்ட் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட தம் திராவிட ஒப்பிலக்கண நூலில் ஆஸ்திரேலிய மொழிகளின் தன்மை, முன்னிலைப் பெயர்களைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டு ஓர் உறவு இருக்கலாம் என்று கருதினார். அந்த உறவை இன்றைய மொழியியல் ஏற்கவில்லை. நம் மொழியோடு உறவுடையது என்று நிறுவினால்தான் ஒரு மொழி நம் கவனத்துக்கு உரியது என்று எண்ணும் போக்கு நம்மிடையே இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

குரிஞ்சியில் இடத்தைச் சுட்டுவதற்கு இடப்பக்கம், வலப்பக்கம் என்பவை பயன்படுவதில்லை. வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு ஆகிய நான்கும், ஆற்றின் போக்கில் மேல்நோக்கி, கீழ்நோக்கி என்ற இரண்டுமே எல்லா வேலையையும் செய்கின்றன. திசைச்சொற்கள் பல உருபுகளை ஏற்று, அங்கிருந்து வருவது, அங்கே போவது, அந்தப் பக்கமாக இருப்பது என்று நுட்பமாகப் பிரியும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் கிழக்கால தள்ளி உட்கார் என்று சொல்லும் முதியவர்களுக்கு இந்த வழக்கம் எளிதில் விளங்கும். இத்தகைய மொழியில் ஒருவர் தன்னைச் சுற்றியுள்ள நிலத்தின் கிடப்பை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் ஒரு சாதாரண வாக்கியத்தைக்கூடச் சொல்ல முடியாது.

1883இல் இவர்களுடைய நிலத்தில் வேவ் ஹில் என்ற மாட்டுப்பண்ணை நிறுவப்பட்டது. மாடுகள் நீர்நிலைகளை மிதித்துக் கலக்கின. மாட்டைக் கொன்றதற்குப் பதிலாக மனிதர்கள் சுடப்பட்டார்கள். தப்பியவர்கள் பண்ணையிலேயே முகாமிட்டு வேலை செய்யும் நிலை வந்தது. 1914 முதல் பண்ணை பிரிட்டனின் வெஸ்டி குழுமத்தின் கையில் இருந்தது. ஆண்கள் மாடு மேய்த்தார்கள். பெண்கள் பண்ணை வீட்டில் வேலை செய்தார்கள். மாவு, சர்க்கரை, தேயிலை, இறைச்சி, மிகச் சொற்பமான பணம் என்பதே கூலி. 1940களில் அங்கே ஆய்வு செய்த ரொனால்ட் பெர்ன்ட், காதரின் பெர்ன்ட் தம்பதியர் முகாம்களின் பட்டினியையும் குழந்தை இறப்பையும் கண்டு எழுதியது யாரையும் உலுக்க வேண்டியது; ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளில் பெரிதாக ஏதும் மாறவில்லை.

மொழியின் கதையும் இந்தப் பண்ணையில்தான் திரும்புகிறது. பல குழுக்களைச் சேர்ந்தவர்கள் ஒரே முகாமில் நெருக்கப்பட்டார்கள். வெள்ளை மேற்பார்வையாளரோடு பேச ஒரு கொச்சை ஆங்கிலம் வேண்டியிருந்தது. அது பண்ணை பண்ணையாகப் பரவி, பின்னர் கிரியோல் என்ற தனி மொழியாக வளர்ந்தது. இன்று வட ஆஸ்திரேலியாவின் பெரும்பகுதியில் பூர்வகுடிப் பிள்ளைகளின் முதல் மொழி அதுவே.

1966 ஆகஸ்ட் 23 அன்று குரிஞ்சி மூத்தவர் வின்சென்ட் லிங்கியாரியின் தலைமையில் மாட்டுக்காரர்களும் வீட்டு வேலைக்காரப் பெண்களும் அவர்களுடைய குடும்பத்தாருமாக ஏறத்தாழ 200 பேர் பண்ணையை விட்டு வெளிநடந்தார்கள். அவ்வாண்டு மார்ச்சில் பூர்வகுடி மாட்டுக்காரர்களுக்குச் சம ஊதியம் என்று தீர்ப்பாயம் அறிவித்திருந்தும், அது 1968 டிசம்பருக்குத் தள்ளிவைக்கப்பட்டிருந்தது. எனவே இதைக் கூலிப் போராட்டம் என்றே நாடு எண்ணியது. ஆனால் அடுத்த ஆண்டு அவர்கள் தகுரகுவுக்கு நகர்ந்து, தங்கள் புனித இடங்களுக்கு அருகில் குடிசை போட்டபோது, ஏப்ரல் மாதத்தில் அரசின் தலைமை ஆளுநருக்கு ஒரு விண்ணப்பம் போனது. ஏறத்தாழ 1,300 சதுர கி.மீ. நிலத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது அதன் கோரிக்கை. அது மறுக்கப்பட்டது. அவர்கள் அசையவில்லை, பண்ணைக்குத் திரும்பவும் இல்லை.

1975 ஆகஸ்ட் 16 அன்று பிரதமர் கஃப் விட்லம் தகுரகுவுக்கு வந்து, 3,200 சதுர கி.மீ.க்குச் சற்று மேற்பட்ட நிலத்தின் குத்தகை ஆவணத்தைக் கொடுத்து, ஒரு பிடி மண்ணை அள்ளி லிங்கியாரியின் கையில் விட்டார். அந்தச் செய்கைக்கு ஒரு பின்கதை உண்டு. 1835இல் ஜான் பேட்மன் என்ற வெள்ளைக் குடியேறி மெல்பர்ன் பகுதியில் வுருண்ட்ஜெரி மூத்தோர்களோடு செய்துகொண்டதாகச் சொன்ன ஒப்பந்தத்தில், அவர்கள் அவர் கையில் மண்ணைக் கொடுத்ததாக அவருடைய ஆவணங்கள் கூறுகின்றன; அதைத் திருப்பிச் செய்யலாம் என்று விட்லமுக்கு யோசனை கூறியவர், பூர்வகுடி விவகாரங்களில் அரசுக்கு ஆலோசகராக இருந்த எச். சி. கூம்ப்ஸ். வண்ணத்தில் எடுக்கப்பட்ட அந்த நிழற்படம் பின்னர் நாடறிந்ததாயிற்று. படத்தில் தெரியாத ஒன்று, லிங்கியாரி அன்று குரிஞ்சி மொழியில் ஆற்றிய உரை. அங்கிருந்த அமைச்சர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் அதன் பொருள் எட்டவில்லை. பின்னாளில் பாட்ரிக் மக்கான்வெல் என்ற மொழியியலாளர் அதை ஆங்கிலத்தில் பெயர்த்தார். நிலம் திரும்பும் வேளையில் அந்த நிலத்தின் மொழியே அதை ஏற்க வேண்டும் என்பது லிங்கியாரிக்கு விளக்கம் தேவையில்லாத கடமையாக இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

இதே மக்கான்வெல் 1970களில் தகுரகுவில் ஓர் உரையாடலைப் பதிவு செய்தார். சில ஆண்கள் ஒரு மாட்டை அறுத்து இறைச்சி பங்கிட்டபடி பேசிக்கொள்கிறார்கள். ஒரு வாக்கியத்துக்குள்ளேயே குரிஞ்சியும் கிரியோலும் மாறி மாறி வருகின்றன. அக்காலத்தில் அது இருமொழியாளரின் கலப்புப் பேச்சு. ஆனால் அதைக் கேட்டு வளர்ந்த குழந்தைகள் கலப்பையே ஒரு முழு மொழியாக எடுத்துக்கொண்டார்கள். பிறகு பல ஆண்டுகள் அங்கே பணிசெய்த ஃபெலிசிட்டி மீக்கின்ஸ் அதைக் குரிஞ்சிக் கிரியோல் என்ற பெயரில் விரிவாக விளக்கியிருக்கிறார். ஒரு வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்: வன் கரு பின் ப்ளே-பட் பாக்-த ஞனுஞ் வளகு-யவுங். ஒரு பிள்ளை தன் நாயோடு பூங்காவில் விளையாடிக்கொண்டிருந்தது என்பது பொருள். வினையும் காலமும் கிரியோல் வழியே ஆங்கிலத்திலிருந்து வந்தவை; பிள்ளை, நாய், தன்னுடைய ஆகிய சொற்கள் குரிஞ்சி. பாக் என்ற ஆங்கிலச் சொல்லின் பின்னால் குரிஞ்சியின் இடவேற்றுமை உருபு ஒட்டியிருக்கிறது. வேற்றுமை உருபுகளும், உறவுப்பெயர்கள், உடலுறுப்புகள், செடிகொடிகள், விலங்குகள் ஆகியவற்றின் பெயர்களுள் பெரும்பகுதியும் முன்னோரிடமிருந்து வந்தபடியே நிற்கின்றன.

அதே பண்ணைக் காலத்தைக் கடந்த அண்டைக் குழுக்களான பிலினரா, ஙரின்மன் பிள்ளைகள் பெரும்பாலும் கிரியோலுக்கு மாறிவிட்டார்கள். குரிஞ்சிப் பிள்ளைகள் மட்டும் ஏன் பாதியை விடாமல் பிடித்துக்கொண்டார்கள்? மீக்கின்ஸின் விடை நிலப்போராட்டத்தைச் சுட்டுகிறது. இந்தக் கலப்புப் பேச்சு மொழியாக இறுகிய காலமும், குரிஞ்சி என்ற பெயர் நாடெங்கும் ஓர் அரசியல் பெயராக ஒலித்த காலமும் ஒன்றே. நாங்கள் இந்த நிலத்தார் என்று அரசிடம் சொல்லிக்கொண்டிருந்த பெற்றோரின் பிள்ளைகள், அண்டைப் பண்ணையாரைப் போல வெறும் கிரியோல் பேசுவதில் நிறைவு காணவில்லை. எனக்கு இந்த விளக்கம் ஏற்புடையதாகவே தோன்றுகிறது. இளையோரிடம் கேட்டால் தாங்கள் பேசுவது குரிஞ்சி என்றே சொல்வார்கள். அதைச் சிதைவு என்று சொல்லும் வெளியாளர் உண்டு. ஆயுதத்தாலும் பட்டினியாலும் ஒரு மொழியை நெரித்த பிறகு, எஞ்சியதைக் கொண்டு ஒரு தலைமுறை கட்டிய வீட்டைப் பார்த்து ஓடு சரியில்லை என்று குறை கூறுவது நியாயமாகாது.

குரிஞ்சி நிலத்தின் தென்பகுதியில் லஜமானு என்ற ஊர் இருக்கிறது. அதன் கதை நிலம், மொழி, உரிமை ஆகிய மூன்றும் எப்படிப் பிணைந்துள்ளன என்பதை இன்னொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. 1940களின் இறுதியிலும் 1950களிலும் அதிகாரிகள் தெற்கே யுவெண்டுமுவில் நெரிசல் என்று காரணம் கூறி, வள்பிரி மக்களைச் சரக்கு வண்டிகளில் ஏற்றி, பல நூறு கிலோமீட்டர் வடக்கே, அப்போது ஹூக்கர் க்ரீக் எனப்பட்ட இந்த இடத்தில் இறக்கினார்கள். அது வள்பிரி நிலம் இல்லை. அங்குள்ள முன்னோர்கள் தங்கள் மொழியை அறியாதவர்கள். அங்குள்ள பாடல்களைப் பாடத் தங்களுக்கு உரிமை இல்லை. அவர்களில் பலர் பாலைவனத்தின் குறுக்கே நடந்தே திரும்பிப் போனார்கள். மறுபடியும் வண்டியில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டார்கள், மறுபடியும் நடந்தார்கள். அரசுக் கோப்புகளில் இது ஓர் இடமாற்றம். அவர்களைப் பொறுத்தவரை, பிறர் வீட்டில் அழைப்பில்லாமல் குடியேறிய குற்றம் தங்கள் தலையில் ஏற்றப்பட்டது.

இந்தச் சிக்கலை எந்த அமைச்சகமும் தீர்க்கவில்லை. 1970களின் இறுதியில் குரிஞ்சி மூத்தோர் சடங்கின் மூலம் அப்பகுதியின் புனித இடங்களைப் பேணும் பொறுப்பை வள்பிரி மக்களிடம் ஒப்படைத்தார்கள். தங்கள் சொந்த நிலத்துக்காக அரசோடு மன்றாடிக்கொண்டிருந்த அதே மக்கள், அதே பத்தாண்டுக்குள் இன்னொரு மக்களுக்கு நிலத்தில் இடம் கொடுத்தார்கள் என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு தீரவில்லை. லஜமானுவில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்பின் வழியாகவும் அந்த நிலத்தோடு உறவு உண்டாகிறது. தாய் கருவுற்றதை முதலில் உணர்ந்த இடத்தின் உயிர் பிள்ளைக்குள் வருகிறது என்பது மத்தியப் பாலைவன மக்களின் நம்பிக்கை. அந்த ஊரின் இளையோரிடையேயும் ஒரு புதிய மொழி பிறந்திருக்கிறது. கார்மல் ஓஷனசி விவரித்த இளவள்பிரி என்ற அம்மொழியில் பெயர்ச்சொற்களும் உருபுகளும் வள்பிரி. வினையமைப்பு ஆங்கிலத்திலிருந்தும் கிரியோலிலிருந்தும் எடுத்துப் புதிதாகச் சமைத்தது. வீட்டில் அதைப் பேசும் பிள்ளைகள் பெரியவர்களோடு முழு வள்பிரியையும் பேசக் கற்றுக்கொள்கிறார்கள்.

இவற்றையெல்லாம் பார்க்கும்போது நீதிமன்றத்தின் கேள்வி எவ்வளவு குறுகலானது என்பது தெரிகிறது. 1992 ஜூன் 3 அன்று, டோரஸ் நீரிணைத் தீவினர் தொடர்ந்த மாபோ வழக்கில், நாட்டின் உச்ச அமைப்பான உயர் நீதிமன்றம், ஆங்கிலேயர் வருமுன் இக்கண்டம் யாருக்கும் உரிமையற்ற நிலம் என்ற கற்பனையைத் தள்ளியது. 1993இல் பூர்வ உரிமைச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின்படி நிலம் கோருவோர், மரபான சட்டங்களையும் வழக்கங்களையும் தொடர்ந்து கைக்கொண்டு அந்நிலத்தோடு உறவைக் காத்துவந்ததை நிறுவ வேண்டும். மர்ரே ஆற்றங்கரையின் யோர்ட்டா யோர்ட்டா மக்கள் இந்தக் கதவைத் தட்டினார்கள். 1998இல் நீதிபதி ஓல்னி, வரலாற்றின் அலை அவர்களுடைய மரபுகளை அடித்துச் சென்றுவிட்டது என்று தீர்ப்பளித்தார்; 2002இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அம்மக்களின் வாய்மொழிச் சாட்சியங்களைவிட, 1840களில் அவர்களுடைய நிலத்தில் ஆடு மேய்த்த எட்வர்ட் கர் என்ற வெள்ளையரின் குறிப்புகளுக்கு அதிக மதிப்பு தரப்பட்டது.

அந்த அலை தானாக எழவில்லை. யோர்ட்டா யோர்ட்டா மக்கள் ஒடுங்கிய மலோகா என்ற கிறித்தவ மிஷன் குடியிருப்பில் அவர்களுடைய மொழியும் சடங்குகளும் ஊக்கம் கெடுக்கப்பட்டன, தடுக்கப்பட்டன. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பறிக்கும் கொள்கை இருபதாம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் நீடித்தது. பறித்தவனே வந்து, உன்னிடம் இப்போது அது இல்லையே என்று கேட்பது போன்ற தீர்ப்பு அது. இத்தனைக்கும் நடுவில் அந்த மக்கள் விட்டுக்கொடுக்கவும் இல்லை. மொரிசியஸில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்து, மலோகாவிலும் பின்னர் கம்மெரகுஞ்சாவிலும் ஆசிரியராக இருந்து, யோர்ட்டா யோர்ட்டாப் பெண்ணை மணந்த தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ், வில்லியம் கூப்பர் போன்ற தலைவர்களின் தலைமுறைக்குக் கல்வி தந்தார். 1881இலேயே மலோகா மக்கள் 42 பேர் நிலம் கேட்டு ஆளுநருக்கு விண்ணப்பித்திருந்தார்கள். நிலம் கேட்ட அந்த விண்ணப்பமே, அவர்கள் பழைய வாழ்வை விட்டுவிட்டார்கள் என்பதற்குச் சான்றாக நூறாண்டுக்குப் பிறகு நீதிமன்றத்தில் எடுத்தாளப்பட்டதைப் படித்தபோது எனக்கு ஆற்றாமை பொங்கியது.

உரிமையைப் பேச்சிலிருந்து பிரித்துப் பார்க்கும் பூர்வகுடி முறையில் மொழிக்கு மறுவாழ்வும் சாத்தியமாகிறது. அடிலெய்டு சமவெளியின் கவுர்னா மொழியைச் சரளமாகப் பேசியவர் என்று அறியப்பட்ட கடைசி மூதாட்டி இவரிஜி 1929இல் மறைந்தார். 1840இல் டைக்கல்மன், ஷுர்மன் என்ற இரு ஜெர்மானிய மிஷனரிகள் அச்சிட்ட இலக்கணமும் சொற்பட்டியலும் எஞ்சின. கவுர்னா மக்கள் அவற்றைக் கொண்டு, ராப் ஏமரி போன்ற மொழியியலாளர்களின் துணையோடு மொழியை மீட்கிறார்கள். ஒரு பூங்காவுக்கோ கட்டடத்துக்கோ கவுர்னாப் பெயர் வேண்டுபவர் அம்மக்களின் மொழிக்குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். அகராதி யார் கையிலும் கிடைக்கலாம். பெயரைத் தரும் உரிமை நிலத்தாருடையது.

வடக்கே பேச்சு இன்னும் உயிரோடு இருக்கும் இடங்களில்தான் அரசின் கை தவறான திசையில் நீண்டது. 1970களில் விட்லம் அரசு தொடங்கிய இருமொழிக் கல்வியை வடக்கு ஆட்புல அரசு படிப்படியாக நலிய விட்டது. 2008 அக்டோபரில், பள்ளியின் முதல் 4 மணி நேரம் ஆங்கிலத்தில் மட்டுமே நடக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. லஜமானுப் பள்ளியும் அதில் சிக்கியது. வீட்டில் இளவள்பிரியும் பாட்டியிடம் வள்பிரியும் கேட்டு வரும் ஆறு வயதுப் பிள்ளை, கற்கும் மனம் மிகத் தெளிவாக இருக்கும் காலை வேளை முழுவதையும் அறியாத மொழியில் கழிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். பிறகு அந்த உத்தரவு தளர்ந்தது. ஆயினும் இடையில் விலகிய பூர்வகுடி ஆசிரியர்களையும் கைவிடப்பட்ட பாடநூல் அச்சகங்களையும் மீண்டும் கட்டியெழுப்ப ஒரு சுற்றறிக்கை போதாது. பள்ளியில் எந்த மொழி எவ்வளவு நேரம் என்பதை அந்த நிலத்தின் மூத்தோரே முடிவு செய்ய வேண்டும், அதற்குரிய பணத்தை அரசு தடையின்றித் தர வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

தகுரகு நிலம் 1986இல் விற்கவோ பறிக்கவோ முடியாத முழு உரிமையாகக் குரிஞ்சி மக்களுக்கு வந்தது. 2020 செப்டம்பரில், வேவ் ஹில் பண்ணை நிலத்தின் மீதும் அவர்களுடைய பூர்வ உரிமையைக் கூட்டரசு நீதிமன்றம் ஏற்றது. அங்கே மாட்டுப்பண்ணை தொடரும். அதோடு சேர்த்து வேட்டையாடவும், முகாமிடவும், சடங்கு நடத்தவும், புனித இடங்களைக் காக்கவும், பிள்ளைகளுக்கு அங்கேயே கற்பிக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. பழைய குரிஞ்சியை முழுமையாகப் பேசும் முதியோர் இன்று வெகு சிலரே. அவர்களோடு வண்டியில் ஏறி, மூர்ங்குருமூர்ங்குரு என்ற நிலக்காவலர் குழுவின் இளைஞர்கள் நீரூற்றுகளைச் சுற்றி வேலியிடவும், களைகளை அகற்றவும், புல்லைப் பருவமறிந்து எரிக்கவும் போகிறார்கள். செடியின் பெயரும், அது பூக்கும் காலமும், அந்த இடத்தின் கதையும் முதியவர் சொல்ல, இளைஞர்கள் குரிஞ்சிக் கிரியோலில் திருப்பிக் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். மாதச் சம்பளம் தரும் அரசுப் பணத்தில் நடக்கும் இந்த வேலையை விரிவாக்கி, கல்கரிங்கிப் பள்ளியின் மேல்வகுப்புப் பிள்ளைகளையும் வாரந்தோறும் அந்த வண்டிகளில் ஏற்றிவிட வேண்டும்.